கம்யூனிட்டி காலேஜில் சேருவது சுலபம், நிலைத்திருப்பதுதான் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கா வந்த முதல் வருடம், கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரிக்கான விண்ணப்பத்தைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். அடுப்பில் வைத்த குழம்பு கொதித்து இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கட்-ஆஃப் கேட்கவில்லை, நுழைவுத் தேர்வு இல்லை, நன்கொடை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் இடத்திலிருந்து வந்தவளுக்கு, இது உண்மையான கல்லூரிதானா என்ற சந்தேகமே வந்தது.

உண்மையான கல்லூரிதான். நம் ஊரில் கஷ்டமெல்லாம் வாசலுக்கு வெளியே இருக்கும். உள்ளே போய்விட்டால் எப்படியாவது டிகிரி வாங்கிவிடலாம். இங்கே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் படிப்பை முடிக்காமல் போய்விடுகிறார்கள். அரசு கம்யூனிட்டி காலேஜில் படிப்பைத் தொடங்குபவர்களில் ஆறு வருடத்துக்குள் ஏதாவது ஒரு பட்டமோ சான்றிதழோ வாங்குபவர்கள் சுமார் 43 சதவீதம்தான். நானும் ஒரு முறை பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். அதனால் எப்படிச் சேருவது என்பதைவிட, எப்படி நிலைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் கலிஃபோர்னியாவில் இருப்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும், உங்கள் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பக்கத்து இருக்கையில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இந்த வயசுல போய் சின்னப் பசங்களோட உட்கார்ந்து படிக்கிறதா?" என்றுதான் பலரும் முதலில் தயங்குவார்கள். வகுப்புக்குள் போனதும் அந்தத் தயக்கம் போய்விடும்.

இந்த வகைக் கல்லூரி 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியது. பள்ளி முடித்த உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே முதல் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பைப் படிக்கட்டும் என்பதுதான் அன்றைய யோசனை. இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 116, அவற்றில் படிப்பவர்கள் சுமார் 20 லட்சம் பேர்.

மாணவர்களின் சராசரி வயது 27-ஐ ஒட்டி வரும். மூன்றில் இருவர் பகுதி நேரமாகப் படிப்பவர்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். பத்தில் மூன்று பேர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இன்னொரு பக்கம், ஐந்தில் ஒருவர் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுக்கும் சிறுவர் சிறுமியர். என் முதல் கணக்கு வகுப்பில் ஒரு பக்கம் பதினாறு வயதுப் பையன், மறுபக்கம் இரவுப் பணி முடித்துச் சீருடையோடு வந்து உட்காரும் மருத்துவமனை ஊழியர். நடுவில் நான், டிஃபன் டப்பாவோடு.

இதைச் சொல்வது ஆறுதலுக்காக மட்டும் இல்லை. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, எட்டு வாரக் குறும்பாடம், ஆன்லைன் பாடம் எல்லாமே இப்படிப்பட்டவர்களுக்காக வந்தவை. வேலையும் குடும்பமும் உள்ளவர்கள்தான் இங்கே வழக்கமான மாணவர்கள். "எனக்குக் குழந்தை இருக்கு, காலை வகுப்புக்கு வர முடியாது" என்று கவுன்சிலரிடம் (கல்லூரியின் பாட ஆலோசகர்) சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அவர் அதைத் தினமும் கேட்பவர்.

படி 2: கல்லூரியின் எண்களைப் பாருங்கள், பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள்

மத்தியக் கல்வித் துறையின் 'காலேஜ் நேவிகேட்டர்' என்ற தளத்தில் கல்லூரியின் பெயரைத் தட்டினால் மாணவர் எண்ணிக்கை, இனம், வயது, தக்கவைப்பு விகிதம், பட்டம் முடிப்போர் விகிதம் எல்லாம் வரும். முதல் முறை பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும். முடிப்போர் விகிதம் 25, 30 என்று இருக்கும். எட்டுப் பேரில் ஏழு பேர் தேறும் கல்லூரியைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது ஏதோ மூடப்போகிற கல்லூரி போலத் தோன்றும்.

அந்த எண் யாரை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழு நேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தார்களா என்று பார்க்கும் கணக்கு அது. பகுதி நேரமாகப் படிக்கும் பெரும்பான்மையினர் அந்தக் கணக்கிலேயே இல்லை. பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனவர்களின் விகிதம் தனியாகக் கீழே கிடக்கும். ஊரில் ஏற்கெனவே டிகிரி முடித்துவிட்டு இங்கே இரண்டு கணக்கியல் பாடம் எடுக்க வந்த என் தோழி போன்றவர்களும் அதில் வர மாட்டார்கள்.

நான் பார்க்கச் சொல்வது தக்கவைப்பு விகிதத்தை. இந்த இலையுதிர்காலத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த இலையுதிர்காலத்தில் அதே கல்லூரிக்குத் திரும்பி வந்தார்கள் என்பதுதான் அது. முழு நேரத்துக்கு ஒன்று, பகுதி நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். நீங்கள் பகுதி நேரம் என்றால் இரண்டாவதைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே அந்த எண்ணில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், காரணம் இருக்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே எடுங்கள். ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய கல்லூரி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த முதல் வாரத்திலேயே கைவிட்டுப் போகும்.

படி 3: விசாவும் கட்டணமும்

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்கள் விசாவை மாற்றாமலே படிக்கலாம், முழு நேரமோ பகுதி நேரமோ அவர்கள் இஷ்டம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கி, செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் (பாடத்தின் அளவு, படி 6-இல் சொல்கிறேன்) எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு ஆன்லைன் பாடத்துக்கு மேல் சேராது. பி-2 வருகையாளர் விசாவில் பட்டப்படிப்பில் சேரக் கூடாது. "அம்மா ஆறு மாசம் இங்கதானே இருக்காங்க, ஒரு கோர்ஸ் போடலாமா?" என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பதுதான் பதில்.

கலிஃபோர்னியாவில் உள்ளூர்வாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களைக் கொண்ட குவார்ட்டர் முறையில் நடக்கும் டி அன்சா, ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகளில் யூனிட் 31 டாலர். உள்ளூர்வாசி என்று ஏற்கப்படாவிட்டால் செமஸ்டர் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் கூடுதலாக ஆகும். உள்ளூர்வாசி ஆக, மாநிலத்தில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்குச் சான்றும் காட்ட வேண்டும். எச்-1பி, எச்-4 விசாக்காரர்களும் இங்கே இந்தத் தகுதியைப் பெறலாம். ஆகவே வந்திறங்கிய மாதத்திலேயே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் இருக்கும்படி செய்துவிடுங்கள். கணவர் பெயரில் மட்டும் எல்லாம் இருந்தால் ஒரு வருடம் கழித்துக் காட்ட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. இது நடக்கிற விஷயம்.

கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் 'ஃபாஃப்சா' என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவத்தை நிரப்பினால், வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவித்தொகை கிடைக்கலாம். 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலராக இருந்தது. எச்-4 விசாக்காரர்களுக்கு அது கிடையாது. ஆனால் இங்கே யூனிட் கணக்கில் வராத ஆங்கில வகுப்புகள் கட்டணமில்லாமல் நடக்கின்றன. ஆங்கிலம் பேசத் தயங்குபவர்கள் அங்கே தொடங்கலாம்.

படி 4: எதற்காகப் படிக்கிறீர்கள்?

மூன்று வழிகள். வேலைக்கான சான்றிதழ்; இரண்டு வருட அசோசியேட் பட்டம்; இங்கே இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்கு மாறிப் போகும் ட்ரான்ஸ்ஃபர். முதல் செமஸ்டர் முடிவதற்குள் இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கவுன்சிலரோடு உட்கார்ந்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று ஒரு கல்வித் திட்டம் போட்டு வாங்குங்கள். பின்னால் மாற்றலாம், குற்றமில்லை. திட்டமே இல்லாமல் சுவாரசியமாகத் தெரிகிற பாடங்களை எடுத்துக்கொண்டு போனவர்கள் 70 யூனிட் முடித்தும் ஒரு பட்டத்துக்கும் பொருந்தாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: கணக்கையும் ஆங்கிலத்தையும் தள்ளிப்போடாதீர்கள்

முன்பெல்லாம் ஒரு தேர்வு வைத்து, "நீங்கள் அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்" என்று மூன்று நிலை கீழே உட்கார வைப்பார்கள். கிரெடிட் இல்லாத, அதாவது பட்டக் கணக்கில் சேராத அந்தப் பாடங்களை ஏறிக் கடப்பதற்குள் பலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கலிஃபோர்னியா 2017-இல் ஏபி 705 என்ற சட்டம் கொண்டுவந்து, பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேரடியாகக் கல்லூரிநிலைக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் சேர வழிசெய்தது. வேறு சில மாநிலங்களும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. நேரடியாகச் சேருபவர்களுக்குத் துணையாக, கூடவே ஒரு உதவி வகுப்பும் பல கல்லூரிகளில் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்த இரண்டையும் முதல் வருடத்திலேயே முடித்தவர்கள் கடைசிவரை போய்ச் சேரும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இயற்பியல், வணிகவியல், செவிலியர் படிப்பு எதுவானாலும் கணக்கும் ஆங்கிலமும் முடிக்காமல் அடுத்த பாடத்துக்கு வழி திறக்காது. நம்மவர்கள் கணக்கை எடுத்துவிடுவார்கள், ஆங்கிலத்தைத்தான் ஒதுக்கி வைப்பார்கள். வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார்களே என்ற பயம். இரண்டு வருடம் கழித்தும் அதே கட்டுரைதான் எழுத வேண்டியிருக்கும்.

படி 6: எத்தனை யூனிட்?

இந்தப் படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள்.

ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, வீட்டில் இரண்டு மணி நேர வேலை. மூன்று யூனிட் பாடம் ஒன்றுக்கு வாரம் ஒன்பது மணி நேரம். 12 யூனிட் எடுத்தால் 36 மணி நேரம், அதாவது ஒரு முழு நேர வேலை. காகிதத்தில் ஒரு கட்டம் போட்டு, சமையல், பள்ளிக்கூடம், வேலை, தூக்கம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு மீதி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். "ராத்திரி குழந்தை தூங்கினப்புறம் படிச்சுக்கலாம்" என்று நானும் நினைத்தேன். குழந்தைக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன்.

முழு நேரமாகப் படிப்பவர்கள் முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு, வேலையையும் வைத்துக்கொண்டு நான்கு பாடம் போட்டு நான்கிலும் கோட்டைவிடுபவர்களும் உண்டு. என் அபிப்பிராயம்: வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தாலோ முழு நேர வேலை இருந்தாலோ முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போதும். அதில் ஒன்று கணக்கோ ஆங்கிலமோ இருக்கட்டும். ஆனால் ஒரு செமஸ்டர்கூட இடைவெளி விடாதீர்கள். "இந்த ஸ்பிரிங் மட்டும் விட்டுட்டு ஃபால்ல பார்த்துக்கலாம்" என்று போனவர்களில் பலர் திரும்பவில்லை. நானே இரண்டரை வருடம் கழித்துத்தான் திரும்பினேன். ஒரே ஒரு பாடமாவது எடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

ஆன்லைன் பாடத்தில் இரண்டு வகை உண்டு. குறித்த நேரத்தில் எல்லோரும் திரையில் கூடுவது ஒன்று; எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது வசதியாகத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் என்பது பல வீடுகளில் ஞாயிறு இரவு பதினொன்றரை மணி என்று முடிகிறது. முதல் செமஸ்டரில் ஒரு பாடமாவது நேரில் போய்ப் படியுங்கள். நோட்ஸ் கேட்க ஒரு முகம் கிடைக்கும்.

படி 7: முதல் மூன்று வாரம்

முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். வராதவர் பெயரை எடுத்துவிட்டுக் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பது வழக்கம். கட்டணம் கட்டாவிட்டாலும் சில கல்லூரிகளில் பெயர் போய்விடும்.

சிலபஸ் என்று ஒரு தாள் தருவார்கள். ஊரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகள் மட்டும். இங்கே அது ஒப்பந்தப் பத்திரம் மாதிரி. தேர்வுத் தேதி, மதிப்பெண் பிரிக்கும் விதம், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு வெட்டு, எத்தனை நாள் வராவிட்டால் நீக்கம், எல்லாம் அதில் இருக்கும். அதிலுள்ள தேதிகளை அன்றே தொலைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் கல்லூரி நாட்காட்டியில் மூன்று தேதிகளைத் தேடுங்கள். முதலாவது, பாடத்தை விட்டால் பணம் முழுதாகத் திரும்பும் கடைசி நாள். பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்குள் வந்துவிடும். இரண்டாவது, பதிவேட்டில் தடம் இல்லாமல் விடக்கூடிய கடைசி நாள். மூன்றாவது, 'டபிள்யூ' (பாடத்திலிருந்து விலகினார்) என்ற குறியோடு விலகும் கடைசி நாள். இங்கே அது ஏறக்குறைய செமஸ்டரின் முக்கால் பங்கு வரை நீளும். இந்த மூன்றாவது தேதியைத்தான் நான் கோட்டைவிட்டேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போக, வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போகாவிட்டால் அவர்களே பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நினைப்பு. எடுக்கவில்லை. செமஸ்டர் கடைசியில் ஒரு 'எஃப்' (தோல்வி) வந்து நின்றது. ஐந்து நிமிடம் கணினியில் உட்கார்ந்து விலகியிருந்தால் வெறும் 'டபிள்யூ'வாகப் போயிருக்கும்.

அதற்காக 'டபிள்யூ'வைத் தாராளமாக வாங்கவும் கூடாது. நிதியுதவி வாங்குபவர்கள் எடுத்த யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தேறிக் காட்ட வேண்டும், 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியும் வழக்கமாக 2.0-க்குக் குறையக் கூடாது. தவறினால் உதவி நிற்கும். கலிஃபோர்னியாவில் ஒரே பாடத்தைப் பொதுவாக மூன்று முறைக்கு மேல் முயல முடியாது, 'டபிள்யூ'வும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும்.

இந்த மூன்று வாரத்துக்குள் ஒரு முறையாவது ஆசிரியரின் அலுவலக நேரத்தில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள். நமக்கு ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். இங்கே அந்த நேரத்தில் அவர் மாணவர்களுக்காகக் காத்திருக்கிறார், பெரும்பாலும் தனியாக.

படி 8: விடலாம் என்று தோன்றும்போது

படிப்பு புரியாமல் விடுபவர்களைவிட, வாழ்க்கை இடறி விடுபவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். கார் பழுது, வேலை நேர மாற்றம், வாடகை உயர்வு, பிரசவம், ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007-இல் 'ஏசாப்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழு நேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு நிதியுதவி போக மீதமிருக்கும் கட்டணத்துக்கு விலக்கு, பாடநூல், நகரப் பேருந்து ரயில் அட்டை, அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஒரு ஆலோசகர். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்துச் சோதித்தபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் பட்டம் வாங்கினார்கள். இல்லாதவர்களில் 22 சதவீதம். ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இரட்டிப்பு. பாடத்திட்டம் அதேதான். பேருந்து அட்டையும் விசாரிக்க ஒரு ஆளும் சேர்ந்தால் இவ்வளவு வித்தியாசம்.

உங்கள் கல்லூரியில் ஏசாப் இல்லாமல் இருக்கலாம், அதன் துண்டுகள் அங்கங்கே கிடக்கும். கலிஃபோர்னியாவில் 1969 முதல் இருக்கும் 'ஈஓபிஎஸ்' குறைந்த வருமான உள்ளூர் மாணவர்களுக்குப் பாடநூல் உதவியும் தனி ஆலோசகரும் தருகிறது. உணவு வங்கி, கடனுக்கு லேப்டாப், அவசரகால நிதி, இலவசப் பயிற்சி வகுப்பு, மனநல ஆலோசனை போன்றவை பல வளாகங்களில் உண்டு. பாட அட்டவணையில் 'பாடநூல் செலவில்லை' என்று குறியிட்ட வகுப்புகளை எடுத்தால் நூறு, இருநூறு டாலர் மிச்சம். இவற்றில் எதற்கும் யாரும் உங்களைத் தேடி வர மாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும். கை நீட்டுவதா என்று கூச்சப்பட்டால், நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும், வயது பதினாறே ஆனாலும், மதிப்பெண் விவரத்தின் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் அலுவலகத்தில் பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சண்டை போடாமல் பிள்ளையிடம் கேளுங்கள்.

படி 9: ட்ரான்ஸ்ஃபர் கணக்கு

புதிதாகச் சேருபவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பிற்பாடு இளங்கலைப் பட்டம் வரை போக வேண்டும் என்கிறார்கள். உண்மையில் பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர்கள் மூன்றில் ஒருவர். ஆறு வருடத்தில் இளங்கலை முடிப்பவர்கள் சுமார் 16 சதவீதம். நடுவே கிரெடிட்டும் ஒழுகிப்போகிறது. மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழக்கிறார்கள் என்று இருந்தது. எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்த கணக்கு அது.

ஒழுகாமல் பார்த்துக்கொள்ள, எந்தப் பல்கலைக்கழகம், எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்று முன்கூட்டியே இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 'அசிஸ்ட்' என்ற பொதுத் தளத்தில், உங்கள் கல்லூரியின் இந்தப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று பார்க்கலாம். பாடம் பதியும் முன் பாருங்கள், முடித்த பின் பார்த்துப் பயனில்லை. 'ஏடிடி' என்ற 60 யூனிட் பட்டம் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்யும், நீங்கள் கேட்ட வளாகமே கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்ற உறுதிச் சேர்க்கை தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை.

ஊரில் பிஇ, பிகாம் முடித்துவிட்டு வந்தவர்கள் இந்தப் பாதையில் இறங்குமுன் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து ஈடு பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு இளங்கலை உங்களுக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். நாலு பாடமும் ஒரு சான்றிதழும் போதும் என்று தெரியவரும்.

டேக் படிவம் செப்டம்பர் மாதத்தில், பல்கலைக்கழக விண்ணப்பங்கள் அக்டோபர், நவம்பரில். கவுன்சிலரைப் பார்க்க ஆகஸ்டிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் அந்த அறைக்கு வெளியே வரிசை படிக்கட்டு வரை நிற்கும்.